களத்துப் பூனை தீனி எடுக்கலையா? பட்டினி போடாதீங்க!



கால்நடைப் பாடம் என்றால் மாடு, ஆடு, கோழி பற்றித்தான் பேசுவோம். இந்த முறை பூனை. "பூனைக்கெல்லாம் ஒரு பாடமாங்க?" என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுக் குலுக்கையையும் மூட்டை அடுக்கிய அறையையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். வேடசந்தூர், வடமதுரை, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் மக்காச்சோளம், சோளம், நிலக்கடலை என்று தானியமும் பயறும் வீட்டிலேயே இருப்பு வைக்கிறோம். அடுத்த பட்டத்துக்கான நாட்டு விதையும் அதே அறையில்தான் இருக்கிறது. எலி தின்பதைவிடப் புழுக்கையாலும் மூத்திரத்தாலும் கெடுப்பதுதான் அதிகம். எலிக்காய்ச்சல் பரவுவதும் அந்த மூத்திரத்தால்தான்.

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில், மனித எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்தது. 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். மனிதன் தானியம் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. உழவுக்கும் பூனைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு.

அந்தப் பூனை செத்துப்போனால் என்ன நடக்கும்? ரெண்டு மாசத்தில் எலி பெருகும். பிறகு யாராவது ஒருத்தர் "ஒரு பாக்கெட் எலி மருந்து வாங்கி வெச்சிருவோம்" என்பார். வருஷக்கணக்காக ரசாயனம் படாமல் காத்த வீட்டுக்குள் விஷம் பின்வாசல் வழியாக வந்துவிடும். அதனால்தான் இந்தப் பாடம்.

லங்கணம் பூனைக்கு ஆகாது

"லங்கணம் பரம ஔஷதம்" என்று பெரியவங்க சொல்லுவாங்க. வயிறு சரியில்லை என்றால் ஒருநாள் பட்டினி கிடப்பது மனுஷனுக்குச் சரி. மாடு ஒருவேளை தீனி எடுக்காவிட்டாலும் வயிற்றில் கிடக்கும் தீவனம் கொஞ்சம் தாங்கும். பூனைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. "தானா பசிச்சா திங்கும், விடு" என்று 3 நாள் விட்டுவிட்டுப் பிறகு பதறுவதுதான் ஊரெல்லாம் நடக்கிறது.

காரணம் அதன் ஈரல். பூனை சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. பூனையின் ஈரலால் அவ்வளவு கொழுப்பையும் எரித்துத் தள்ள முடியாது. கொழுப்பு ஈரலிலேயே தங்கி, ஈரல் வேலையை நிறுத்தத் தொடங்கும். காதின் உட்புறம், ஈறு, கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சளாகும். அதற்குப் பிறகு பூனைக்குப் பசியே எடுக்காது. சாப்பிடாததால் ஈரல் கெடும். ஈரல் கெட்டதால் சாப்பிடாது. நல்லாக் கொழுத்த பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். "கொழுத்துத்தானே கிடக்கு, ரெண்டு நாள் தாங்கும்" என்று நினைப்பது தலைகீழான கணக்கு.

இன்னொன்று. பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் உயிர். டாரின் என்ற சத்து அதற்கு வெளியிலிருந்து, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும். இதயம் வீங்கிப் பலவீனமாகும். டாரின் குறைவுதான் பூனைகளின் ஒருவகை இதய நோய்க்குக் காரணம் என்பது 1987-இல் நிறுவப்பட்டது. பால்சோறும் தயிர்சோறும் மட்டும் போட்டு வளர்க்கும் பூனை எலி பிடித்துத் தின்னும்வரை சமாளிக்கும். எலி கிடைக்காத காலத்தில் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே வரும். அப்படிப்பட்ட பூனை நோயில் விழுந்தால் எழுந்திருப்பது கடினம்.

எத்தனை நேரம் பொறுக்கலாம்?

சுவரில் எழுதி வைக்க வேண்டிய கணக்கு இது:

- வளர்ந்த பூனை ஒருவேளை மட்டும் சாப்பிடவில்லை. ஓடியாடி இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது: கவனித்தால் போதும். வெளியே எலியோ ஓணானோ தின்றுவிட்டு வந்திருக்கும்.
- 24 மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை: நோய் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.
- 48 மணி நேரம்: கட்டாயம் கால்நடை மருத்துவர்.
- குட்டிகள்: அரை நாள் தின்னாமல் கிடந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிக்குச் சேமிப்பு கிடையாது.

காலக்கணக்குப் பார்க்காமல் அப்போதே கிளம்ப வேண்டிய அறிகுறிகளும் உண்டு: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூத்திரம் போகாமல் முக்குவது, வலிப்பு, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ பழுப்பாகவோ மாறுவது, ஈறிலோ மூக்கிலோ மலத்திலோ ரத்தம், பின்கால்கள் திடீரென்று விழுவது.

தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

தின்னாமல் கிடக்கும் பூனை, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல், குரல் மாறி, காரணமில்லாமல் பாய்ந்து கடிக்க வந்தால், அது வெறிநோயாக இருக்கலாம். வெறிநாய் கடித்த பூனைக்கும் வெறி வரும். அப்படிப்பட்ட பூனையின் வாய்க்குள் முள் சிக்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்காதீர்கள். கூடையோ பெட்டியோ போட்டு மூடி வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விட வேண்டாம். கடியோ பிறாண்டலோ பட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். "சின்னப் பூனைதானே" என்று விடக்கூடாது.

வீட்டில் மாசமாக இருக்கும் பெண்கள் பூனையின் மலத்தை அள்ளவே வேண்டாம். அதில் உள்ள ஒரு நுண்ணுயிரி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அந்த வேலையை வேறொருவர் கையுறை போட்டுச் செய்யட்டும்.

ஐந்து நிமிஷப் பரிசோதனை

பூனையை ஒரு பழைய துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வையுங்கள். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் பார்க்க.

ஈறு: உதட்டை லேசாகத் தூக்குங்கள். ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். வறண்டு பிசுபிசுத்தால் உடம்பில் நீர் இல்லை. வெளுத்திருந்தால் ரத்தச்சோகை அல்லது உள்ளே ரத்தக்கசிவு.

தோல்: தோள்பட்டைக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிய வேண்டும். கூடாரம்போல் நின்றால் நீர் வற்றியிருக்கிறது.

மூச்சு: அசையாமல் படுத்திருக்கும்போது 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 20 முதல் 30 வரை சரி. 40-ஐத் தாண்டினால் ஆபத்து.

சூடு: காதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை பூனைக்கு இயல்பு. 104-க்கு மேலோ 99-க்குக் கீழோ போனால் காத்திருக்கக் கூடாது.

வாய்: கடைவாயில் மீன்முள், கோழி எலும்புத் துண்டு சிக்கியிருக்கலாம். நாக்குக்கு அடியில் நூல் சுற்றியிருக்கலாம். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் பூக்கட்டும் வீடுகளில் இது நடக்கும். நூலை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் இருந்தால் குடலையே அறுத்துவிடும். மருத்துவர் எடுக்கட்டும்.

உடம்பு: கை வைத்துத் தடவி வாருங்கள். கடுவன் பூனைகள் சண்டையில் வாங்கிய கடி மேலே ஆறினாற்போல இருக்கும். உள்ளே சீழ் கட்டியிருக்கும். ஒரு இடம் சூடாக, வீங்கி, தொட்டால் சீறினால் அதுதான். சீழை எடுத்து மருந்து கொடுத்தால் மறுநாளே தின்னத் தொடங்கும்.

நம்ம பக்கம் அதிகம் காணும் காரணங்கள்

*சளிக்காய்ச்சல்.* மூக்கு ஒழுகும், கண்ணில் பீளை, தும்மல், சில நேரம் நாக்கில் புண். பூனை நாக்கால் சாப்பிடுவதற்கு முன் மூக்கால் சாப்பிடும் உயிர். வாசனை தெரியாவிட்டால் எதிரே கறியை வைத்தாலும் உணவு என்றே எண்ணாது. மூக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒருநாளில் நான்கைந்து முறை துடைத்துச் சுத்தம் செய்தாலே பாதிப் பூனைகள் தின்ன ஆரம்பிக்கும்.

*குட்டிகளைக் கொல்லும் கழிச்சல் நோய்.* நாய்க்கு வரும் பார்வோ போன்ற வைரஸ். வாந்தி, கழிச்சல், காய்ச்சல். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. ஒரே நாளில் சாகும். வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை. மருத்துவர் போடும் குளுக்கோஸ் நீர்தான் காப்பாற்றும். இந்தக் கிருமி இடத்தில் மாதக்கணக்கில் தங்கும். செத்த குட்டி கிடந்த சாக்கை எரித்துவிட்டு, தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே புதுக் குட்டி கொண்டுவர வேண்டும்.

*கடுவனுக்கு மூத்திர அடைப்பு.* இதைத்தான் பலரும் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். ஆண் பூனை அடிக்கடி போய்க் குந்தும், முக்கும், கத்தும், அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு வரும், அல்லது வராது. அடிவயிறு எலுமிச்சை போலக் கெட்டியாக இருக்கும். பிறகு வாந்தி எடுத்துத் தின்பதை நிறுத்தும். மூத்திரம் நின்று 24 முதல் 48 மணி நேரத்தில் நச்சு ரத்தத்தில் ஏறி உயிர் போகும். வயிற்றை அமுக்காதீர்கள், பை வெடித்துவிடும். ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். மருத்துவர் குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்.

*குடற்புழு.* வயிறு உப்பி, உடம்பு மெலிந்து, முடி சிலிர்த்து நிற்கும். எலி தின்னும் பூனைக்குப் புழு வராமல் இருக்காது. எடை பார்த்துப் பூனைக்கான மருந்தே கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

*பாம்பு.* களத்தில், வைக்கோல் போரில் பூனை பாம்போடு மோதும். முகமோ காலோ வீங்கினாலும், கண் சொருகி உடம்பு தளர்ந்தாலும் உடனே மருத்துவமனை. கட்டுப்போட்டு, கீறி விட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

விஷம்: நம் வேலி பூனைக்குத் தெரியாது

நம் நிலம் இயற்கை வழி நிலம். பக்கத்து நிலம் அப்படி இல்லை. பூனை ஒரே ராத்திரியில் நாலு பேர் நிலத்துக்குப் போய் வரும். அங்கே மருந்து தின்று மயங்கி ஓடும் எலி அதற்குச் சுலபமான வேட்டை.

கடையில் விற்கும் எலி மருந்தில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, சாம்பல் கறுப்புப் பொடியான சிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறும். வாந்தியில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. உணவு கொடுத்தால் அமிலம் சுரந்து வாயு கூடும். அதனால் ஒன்றும் ஊட்டாமல் கொண்டு போங்கள். வாந்தியைக் குனிந்து முகராதீர்கள். அந்த வாயு நமக்கும் கேடு. வண்டியில் போகும்போது கண்ணாடியை இறக்கி வையுங்கள்.

இரண்டாவது, புரோமடையலோன் கலந்த கட்டி. இது ரத்தம் உறையவிடாது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. 3 முதல் 5 நாள் கழித்துச் சோர்வு, தீனி மறுப்பு, ஈறு வெளுப்பு, மூச்சிரைப்பு, மலத்தில் ரத்தம். இதற்கு வைட்டமின் கே1 என்ற முறிவு உண்டு. "பக்கத்துத் தோட்டத்துல போன வாரம் மருந்து வெச்சாங்க" என்ற ஒரு தகவல் உயிரைக் காப்பாற்றும். பாக்கெட்டோ அட்டையோ கிடைத்தால் எடுத்துப் போங்கள்.

மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை மனித உயிர்கள் போனதால் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. எந்தக் கடையிலாவது இன்னும் விற்றால் வேளாண்மை அலுவலகத்தில் சொல்ல வேண்டியது நம் கடமை.

எலி மருந்து மட்டுமே விஷம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக்குள்ளேயே இருப்பவை:

- பாராசிட்டமால். "காய்ச்சலா இருக்கு, அரை மாத்திரை குடு" என்று கொடுத்தால் பூனை சாகும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். மனித வலி மாத்திரை எதுவுமே வேண்டாம்.
- வெங்காயம், பூண்டு. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் சின்ன வெங்காயமும், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டும் நமக்கு மருந்து. பூனைக்கு ரத்த அணுவை உடைக்கும். குழம்பு, ரசம், பிரியாணி மீதியை நோயாளிப் பூனைக்கு வைக்கவே கூடாது.
- மாட்டு உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள். பூனை மேல் பட்டால் நடுக்கம், வலிப்பு.
- கற்பூரம், நீலகிரித் தைலம், வலி தைலங்கள், பீனால் கலந்த தரை கழுவும் மருந்து.

"மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது"

இயற்கை வழியில் வந்த நமக்குள் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். மாட்டுக்கு வயிறு உப்பினால் வெற்றிலையும் மிளகும் கொடுக்கிறோம்; பலன் இருக்கிறது. அதே கைமருந்தை அளவு குறைத்துப் பூனைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மாடு இலை தின்று வாழும் உயிர். இலைகளில் உள்ள காரமும் கசப்பும் அதன் உடம்புக்குப் பழக்கம். பூனையின் முன்னோர் இலை தின்று வாழ்ந்தவை அல்ல. அந்தப் பொருள்களை முறித்து வெளியேற்றும் வழி அதன் ஈரலில் குறைவு. சோற்றுக்கற்றாழையின் மஞ்சள் பால் பூனைக்கு வாந்தி, கழிச்சல் தரும். வேப்பெண்ணெயைச் சொறிக்குத் தடவினால் நக்கி நக்கி முழுதும் வயிற்றுக்குள் போய்விடும். பூனையின் தோலில் தடவுவதெல்லாம் வாயில் ஊற்றுவதுதான். அக்னி அஸ்திரம் தெளித்த கையோடு பூனையைத் தூக்காதீர்கள். தெளிப்பான் கழுவிய தண்ணீரை அது குடிக்கும் இடத்தில் விடாதீர்கள்.

விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எதையும் வாயைப் பிளந்து ஊற்ற வேண்டாம். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்.

எப்படிச் சாப்பிட வைப்பது?

விஷம், மூத்திர அடைப்பு, ஓயாத வாந்தி இவை இல்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பகுதி.

முதலில் இடம். நாய், கோழி, பிள்ளைகள் தொந்தரவு இல்லாத ஒரு மூலை. சாக்கு விரித்த அட்டைப்பெட்டி போதும். தீனித் தட்டையும் மலம் கழிக்கும் மண் தட்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் தின்னாது.

அடுத்து வாசனையும் சூடும். எலியைப் பிடித்துத் தின்னும் உயிருக்கு, எலியின் உடம்புச் சூட்டில் உணவு இருக்க வேண்டும். ஆறிப்போனதையும் பிரிட்ஜில் இருந்து எடுத்ததையும் தொடாது. கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

என்ன கொடுக்கலாம்:

- உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறி. எலும்பு நீக்கி நைத்தது.
- முள் நீக்கிய மீன். குளத்து ஜிலேபிக் கெண்டையும் போதும். பச்சையாக வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள்.
- வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, கொஞ்சம் வெந்நீரில் குழைத்து.
- கோழி ஈரல் ஒரு சிறு துண்டு, மணத்துக்காக. தினமும் வேண்டாம்.
- ஒன்றுக்கும் மசியாவிட்டால், நெத்திலிக் கருவாட்டை இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, வேகவைத்து, அந்த நீரில் ஒரு கரண்டியைக் கறியின் மேல் விடலாம். அந்த வாசனைக்கு எழுந்து வராத பூனை குறைவு.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கழிச்சல் வந்து இருக்கும் நீரும் போகும். கருப்பட்டி, தேன் கலந்து ஆசை காட்டவும் முடியாது. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது.

விரலில் கொஞ்சம் எடுத்து உதட்டிலோ முன்பாதத்திலோ தடவுங்கள். நக்கிச் சுவை பார்த்தால் பசி தட்டும். அரை மணி நேரத்தில் தின்னாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க முகத்துக்கு நேரே வைத்தால் அந்த உணவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் புதிதாகச் சூடாக்கி வையுங்கள்.

அளவு எவ்வளவு? 3 கிலோ பூனை அசையாமல் படுத்திருந்தாலே ஒருநாளைக்குச் சுமார் 160 கலோரி வேண்டும். 100 கிராம் வெந்த கோழிக்கறியில் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. ஆனால் நாலு நாள் பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 கிராம். மறுநாள் 70. மூன்றாம் நாள் 100. அதையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் கிலோவுக்கு 50 மில்லி என்று கணக்கு; 3 கிலோ பூனைக்கு 150 மில்லி. கறி வேகவைத்த நீரும் இதில் சேரும்.

சிரிஞ்சில் ஊட்டுவது

தானாகத் தின்னாத பூனைக்கு, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் ஊட்டலாம். வெந்த கறியை வெந்நீர் விட்டு மிக்சியில் அரைத்து, வடிகட்டி, கஞ்சிப் பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பூனை வயிறு தரையில் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையைப்போல் மல்லாத்தக் கூடாது.
2. தலை நேராக இருக்கட்டும். அண்ணாந்தால் புரையேறும்.
3. கோரைப்பல்லுக்குப் பின்னால், கன்னத்தின் பக்கமாகச் சிரிஞ்சு முனையை நுழையுங்கள்.
4. ஒரு தடவைக்கு அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை. விழுங்கிய பிறகே அடுத்தது.
5. முதல் நாள் ஒரு வேளைக்கு 10 மில்லி போதும்.
6. இருமினால், வாந்தி வருவதுபோல் உதட்டை நக்கி எச்சில் விட்டால், நிறுத்திவிடுங்கள்.
7. முடிந்ததும் வாயைத் துடைத்துவிடுங்கள்.

மயக்கத்தில் இருக்கும் பூனைக்கும் உடம்பு சில்லிட்ட பூனைக்கும் வாய்வழியாக ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. குமட்டல் இருக்கும் பூனையை மல்லுக்கட்டி ஊட்டுவதும் பயனில்லை; மருத்துவர் முதலில் குமட்டலுக்கு மருந்து கொடுத்தால் பிறகு தின்னும். பசியைத் தூண்டும் மருந்தும், தோலுக்கடியில் நீர் ஏற்றும் முறையும் அவர்களிடம் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் போவதே இல்லை. ஊசி மருந்துக்கு அப்பால் பரிசோதனையோ அறுவையோ வேண்டுமென்றால் திண்டுக்கல் நகருக்கு வர வேண்டும். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர்களுக்கு உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியும், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கத்துக்காரர்களுக்குத் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான்.

காற்று புகும் கூடையில், மேலே துணி போட்டு எடுத்துப் போங்கள். சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் பாதி உயிர் வழியிலேயே போகும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது தின்றது, எப்போது மூத்திரம் போனது, வாந்தி எத்தனை முறை, என்ன மருந்து கொடுத்தோம், அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைத்தார்களா. வீட்டில் ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் சிகிச்சை.

வராமல் காக்க

குட்டிக்கு 8 அல்லது 9 வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. கழிச்சல் நோயும் சளிக்காய்ச்சலும் ஒரே ஊசியில் அடங்கும். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து.

கருத்தடை செய்துவிடுங்கள். கடுவன் சண்டைக்கும் அலைச்சலுக்கும் போவது குறையும். சீழ்க்கட்டியும் விஷமும் அதோடு குறையும். ஒரு களத்துக்கு ஒன்றிரண்டு பூனை போதும். பத்துப் பூனை பெருகினால், பூச்சி தின்னும் ஓணானையும் தவிட்டுக்குருவியையும் வேட்டையாடித் தீர்த்துவிடும். அதுவும் நமக்கு நட்டம்.

"சோறு போட்டா எலி பிடிக்காது" என்பது தப்பு. வேட்டைக் குணம் வேறு, பசி வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும், வீட்டை விட்டுத் தூரமாகவும் போகாது. தினம் ஒருவேளையாவது மீனோ கறியோ முட்டையோ கலந்து கொடுங்கள். அதே நேரத்தில் தினமும் கொடுத்தால் இன்னொரு நன்மை: எந்த வேளை வரவில்லை, எந்த வேளை தட்டு காலியாகவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். நோயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி அந்தத் தட்டுதான்.

எலி வேலையைப் பூனை தலையிலேயே சுமத்தவும் வேண்டாம். வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். ஆந்தையும் கூகையும் வந்து உட்காரப் பறவைத் தாங்கி நடுங்கள். வரப்பைக் குறுக்கி வளையைக் குறையுங்கள். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் கட்டை மேல் அடுக்குங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடமும் பேசுங்கள். "அண்ணே, மருந்து வெக்கிற அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பூனையை அடைச்சு வெச்சுக்கிறேன், செத்த எலியைப் பொதைச்சிருங்க" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்தப் பேச்சிலேயே கிட்டி வைக்கச் சொல்லிக் கொடுக்கவும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு இரண்டு, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு பழைய துண்டு, காற்றோட்டமான ஒரு கூடை. இவற்றை ஒன்றாக எடுத்து வையுங்கள். உங்கள் பகுதி கால்நடை மருத்துவரின் எண்ணை வாங்கிக் கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள். அதன் கீழே, 24 மணி நேரம் என்றால் கவனி, 48 மணி நேரம் என்றால் கிளம்பு, மூத்திரம் நின்றால் உடனே கிளம்பு என்று எழுதிவிட்டால், நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.